பழைய டீசல் பிக்கப்: வேலை பார்த்து ஓட்டுவதா, மாற்றிவிடுவதா?

வண்டி ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி மேல் நிற்கிறது. மெக்கானிக் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த தொகை சட்டைப் பையில் இருக்கிறது. மண்டிக்காரர் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டு "வண்டி வருமா, வராதா?" என்று கேட்டுவிட்டார். பழைய பிக்கப் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த நேரத்தில்தான் முடிவெடுக்கிறார்கள். கோபத்தில் இருப்பவர் புது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். பயந்தவர் "சரி, பாருங்கள்" என்று மெக்கானிக்கிடம் தலையாட்டிவிடுகிறார். அன்றைக்கு மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். பழகியவரிடம் வாடகைக்கு ஒரு வண்டியைப் பிடித்து லோடை அனுப்பிவிட்டு, நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய வேலை நான்கு நாளுக்கு இருக்கிறது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மதுரைக்கும், பழனி, பொள்ளாச்சி வழியாகக் கேரளாவுக்கும் 14 வருடமாகக் காய்கறி லோடு ஓட்டுகிறேன். இது மூன்றாவது வண்டி. பொலிரோ பிக்கப், டாடா 207, தோஸ்த் என்று நம் ஊர்ச் சாலையில் ஓடும் 10, 15 வயது வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் சேசிஸ், அப்புறம்தான் இன்ஜின்

எல்லோரும் இன்ஜினில் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பான வரிசை. இன்ஜினை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக் கட்டலாம். கியர்பாக்ஸ், கிரவுன் (பின் அச்சுப் பல்சக்கரம்), ஸ்டீயரிங் எல்லாமே கடையில் கிடைக்கும் பொருள்கள். சேசிஸ் அப்படி இல்லை. இரண்டு நீளச் சட்டமும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த அந்த ஏணிதான் வண்டி. அது போய்விட்டால் மற்றதில் போட்ட பணம் அத்தனையும் போனது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் வண்டி கடற்கரைப் பக்கமிருந்து வந்த பழைய வண்டி. வாங்கி எட்டு மாதத்தில் இன்ஜின் வேலை முழுதாகப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு ஐந்தாவது மாதம், தக்காளி ஏற்றிக்கொண்டு பழனி தாண்டி ஒரு வேகத்தடையில் இறங்கும்போது பின்பக்கம் 'படக்' என்றது. ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் சேசிஸிலிருந்து பிய்ந்து, தொட்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், கறுப்புப் பெயின்டுக்குக் கீழே இரும்பு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. அந்த வண்டி வருடக்கணக்கில் மீன் லோடு ஓடியிருக்கிறது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தினமும் சேசிஸ் மேல் வடிந்திருக்கிறது. விற்பதற்கு முன்னால் மேலே ஒரு கோட் கறுப்பு அடித்துவிட்டார்கள். நான் கீழே படுத்துப் பார்க்கவே இல்லை.

பார்க்கும் முறை இதுதான். வாட்டர் சர்வீஸ் செய்து, நன்றாகக் காயவிட்டு, பள்ளத்தில் நிறுத்துங்கள். கால் கிலோ சுத்தியலால் சேசிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும். அரித்த இடம் 'டொக்' என்று அடங்கும். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை பின் ஸ்பிரிங் பட்டையின் முன், பின் பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், தொட்டியை இறுக்கியிருக்கும் யூ போல்ட்டுக்கு அடியில் உள்ள இடம், கேபினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஆகியவை. தொட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைத்திருக்கும் மரக்கட்டை அல்லது ரப்பர் பட்டைக்குக் கீழேதான் தண்ணீர் தங்கும். காய்கறி வண்டி என்றால் நசுங்கிய தக்காளிச் சாறும் மண்ணும் அங்கேதான் போய்ச் சேரும். கண்ணுக்கு நேராகத் தெரியாத இடம் என்பதால் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துக் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் கணக்கு அங்கேயே முடிந்தது.

மேலோட்டமான துரு ஒன்றும் செய்யாது. பிராக்கெட் ஒன்றிரண்டு மாற்ற வேண்டியிருந்தால் அதுவும் பரவாயில்லை. நீளச் சட்டத்தில் வெடிப்பு, பழைய வெல்டிங் மேல் வெல்டிங், தட்டினால் பொருக்கு உதிரும் அரிப்பு இருந்தால் அந்த வண்டியில் இன்ஜின் வேலை பார்க்காதீர்கள். சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தையும் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துருவில் நம்பர் மங்கிப் போயிருந்தால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) காட்டும்போதும் விற்கும்போதும் இழுபறிதான்.

பேப்பரை மேசையில் பரப்புங்கள்

ஆர்சி (பதிவுச் சான்றிதழ்), எஃப்சி, இன்சூரன்ஸ், பெர்மிட், வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி. எட்டைத் தாண்டினால் வருடா வருடம். வண்டிக்கு வயது ஏற ஏற எஃப்சி கட்டணமும் ஏறும், 15 வயதுக்கு மேல் நன்றாகவே ஏறும். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய ரசீதை நம்பாமல் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். எஃப்சிக்கு முன் பார்க்கும் டிங்கரிங், பெயின்ட், லைட், டயர் செலவுதான் கட்டணத்தைவிடப் பெரிது. போன இரண்டு முறை அதற்கு எவ்வளவு ஆனது என்று எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டீசல் வண்டி 10 வருடத்துக்கு மேல் ஓடக் கூடாதாமே என்று பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கென்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் போட்ட கட்டுப்பாடு. தமிழ்நாட்டு வண்டிக்கு அப்படி வயதுத் தடை இல்லை. இதைச் சொல்லி அவசரப்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கும் புரோக்கர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது

"புகை அடிக்கிறது, இன்ஜின் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் போகிறது, இல்லை காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் லீக், இன்ஜெக்டர் கோளாறு என்று பெரும்பாலும் வெளி வேலையிலேயே முடியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சீல் போயிருக்கலாம், டர்போ சீலும் போயிருக்கலாம். வெள்ளைப் புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. இன்ஜின் சூடான பிறகும் வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் கேஜை உருவினால் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து, வாயின் மேல் அப்படியே வையுங்கள். லேசான ஆவி வருவது சகஜம். மூடி துள்ளிக் குதித்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது. உறுதிப்படுத்த கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது) எடுக்கச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் அது வயதான தேய்மானம், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த இடத்தில் வால்வோ, ரிங்கோ, கேஸ்கட்டோ தனியாகப் போயிருக்கிறது. அதற்காக முழு இன்ஜினையும் இறக்க வேண்டிய அவசியம் இருக்காது.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும்) வண்டியானால் இன்ஜெக்டரைத் தனியாகப் பாருங்கள். ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு சின்ன பாட்டிலை மாட்டி, இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட்டினால் போதும். மூன்று பாட்டிலில் ஒரு விரல் அளவு டீசல், நாலாவதில் பாதி பாட்டில் என்றால் எது போயிருக்கிறது என்று கேட்கவே வேண்டாம். (அந்த மெல்லிய ரிட்டர்ன் பைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஹை பிரஷர் பைப்பில் கை வைக்காதீர்கள். அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும், கையைக் கிழித்துவிடும்.) நாலு பாட்டிலையும் நீங்களே நின்று பாருங்கள். "இன்ஜெக்டர் நாலும் மாற்றணும்" என்கிற பேச்சு பல சமயம் இங்கே ஒன்றாகக் குறையும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் இன்னொரு சாதகம் உண்டு. தாராபுரமோ வேடசந்தூரோ, எந்த ஊரில் நின்றாலும் ஸ்கேனர் இல்லாமலே சரி செய்ய ஆள் கிடைக்கும். நம் தொழிலில் அதற்குப் பெரிய மதிப்பு இருக்கிறது.

எஸ்டிமேட் வாங்கும் விதம்

மொத்தமாக ஒரு தொகை வாங்காதீர்கள். மூன்று தலைப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போதே செய்யாவிட்டால் வண்டி ஓடாது என்பவை ஒன்று. ஆறு மாதத்துக்குள் வரப்போகிறவை இரண்டாவது. அழகுக்காகச் செய்பவை மூன்றாவது. இரண்டாவது தலைப்பை யாரும் தானாக எழுதித் தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், பிரேக் டிரம், பின் ஸ்பிரிங் பட்டை, நான்கு டயர், பேட்டரி எல்லாம் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டு எழுதுங்கள். இன்ஜினுக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு இறங்கியவர்கள், மூன்று மாதத்தில் கிளட்சுக்கும் டயருக்கும் கடன் வாங்கி நிற்பது இதனால்தான்.

லேத் வேலையை (போர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங்) மெக்கானிக் கூலியோடு சேர்க்காமல் தனியாகக் கேளுங்கள். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய இன்ஜின் எடுத்துப் போட்டால் மலிவாக முடியும் என்று சொல்வார்கள். முடியும்தான். ஆனால் வேறு நம்பர் இன்ஜின் என்றால் பில்லும் அந்த வண்டியின் பேப்பரும் கையில் வேண்டும், ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். பேப்பர் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கணக்கு

"வண்டி விலையில் பாதிக்கு மேல் வேலை வந்தால் தள்ளிவிடு" என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு லட்சம் பெறும் வண்டிக்கு இரண்டு லட்சம் செலவு செய்வது சில பேருக்கு லாபம், சில பேருக்கு நஷ்டம். மாதம் எவ்வளவு ஆகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டியை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பழைய வண்டி. எல்லா வேலைக்கும் 1,92,000 ரூபாய், நாலு வருடம் தாங்கும் என்றால் மாதம் 4,000. சில்லறை வேலைகளுக்கு 3,500. மாதம் இரண்டு நாள் நின்றுபோவதால் போகும் வருமானம், நாளுக்கு 1,500 வீதம் 3,000. பழையது லிட்டருக்கு 11, புதியது 14 கிலோமீட்டர் தரும், டீசல் 92 ரூபாய் என்றால் பழையதில் கூடுதல் டீசல் மாதம் ஏறத்தாழ 4,500. இன்று இரண்டு லட்சத்துக்குப் போகும் வண்டி நாலு வருடம் கழித்து ஒரு லட்சத்துக்குப் போகும், அந்த இறக்கம் மாதம் 2,000. ஆக 17,000.

புது வண்டி. ஆன்ரோடு 10,50,000. கையிலிருந்து 1,50,000, ஒன்பது லட்சம் கடன், ஐந்து வருடம், 7 சதவீதம் ஃப்ளாட் (அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி). வட்டி மட்டும் 3,15,000, ட்யூ (தவணை) மாதம் 20,250. ஐந்து வருடம் கழித்து ஐந்து லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தால், விலை இறக்கமும் வட்டியும் சேர்ந்து மாதம் 14,400. சர்வீஸ் 1,500, பழையதைவிடக் கூடுதலாகும் இன்சூரன்ஸ் 1,000. ஆக 16,900.

இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? 2,500 கிலோமீட்டரில் இந்த வண்டிக்கு முள் நடுவில் நிற்கிறது. ஓட்டம் பாதியானால் பழையதில் டீசல், சில்லறை வேலை, நின்றுபோகும் நாள் எல்லாம் குறைந்து 12,000 பக்கம் வந்துவிடும். புதியதில் செலவு பெரிதாக இறங்காது. ஓட்டம் 5,000 ஆனால் பழையதில் டீசல் இழப்பே 9,000 ஆகிவிடும், நாலு வருடம் தாங்கும் என்ற இன்ஜின் வேலையும் இரண்டு வருடத்தில் திரும்ப வரும். அங்கே புதுசுதான். நம்மில் பலர் தன் வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எழுதி வைப்பதே இல்லை. இந்த முழுக் கணக்கும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது.

டீசல் மிச்சமாகும் பணத்திலேயே ட்யூ கட்டிவிடலாம் என்று விற்பனைக்காரர் சொன்னால், அதையும் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 80 காசுக்குள். 20,250 ட்யூ அதிலிருந்து மட்டும் வர வேண்டுமானால் மாதம் 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

அப்புறம், செலவு ஒன்றாக இருந்தாலும் கையிலிருந்து போகும் பணம் ஒன்றல்ல. புதியதுக்கு மாதம் பிறந்தால் 20,250 எடுத்து வைத்தே ஆக வேண்டும், முருங்கை சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வண்டி வீட்டில் நிற்கும் மாதத்திலும் ட்யூ நிற்காது. பழைய வண்டியில் மந்தமான மாதத்தில் செலவும் கூடவே இறங்கும். உங்களுக்கு நிரந்தர லோடு கொடுக்கும் பார்ட்டி இரண்டு பேராவது இல்லையென்றால், கணக்கு சமமாக வரும்போது பழையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதேபோல, ஆஸ்பத்திரிக்கோ பால் நிறுவனத்துக்கோ நேரம் தவறாமல் போக வேண்டிய லோடு என்றால் முள் இலேசாகப் புதியதன் பக்கம் சாய்ந்தாலே மாற்றிவிடுங்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அங்கே 1,500 ரூபாயோடு போகாது, பார்ட்டியே போய்விடும்.

மாற்றுவது என்று முடிவானால்

ஃப்ளாட் வட்டியில் ஏமாறாதீர்கள். மேலே சொன்ன 7 சதவீதம் ஃப்ளாட், குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 12.5 சதவீதம். பேங்கில் 10.5 சதவீதம் குறையும் வட்டி என்றால் அதே ஒன்பது லட்சத்துக்கு ட்யூ 19,350-க்குள் வரும், ஐந்து வருடத்தில் 54,000 மிச்சம். சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துப் பேச வேண்டாம். ஆடியில் வண்டி எடுக்க நம் ஆட்கள் தயங்குவார்கள், ஷோரூமில் பேரம் படிவது அப்போதுதான். வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், ஆடியில் விலை பேசி முடித்து, ஆவணியில் டெலிவரி எடுங்கள்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் வருகிறது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, இன்ஜின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓட வேண்டும். ஊருக்குள் நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டம் முழுக்க ஊருக்குள்தான் என்றால் சிஎன்ஜி அல்லது எலெக்ட்ரிக் வண்டியையும் விசாரியுங்கள்.

பழைய வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்தாகி, ஆர்சி வாங்குபவர் பெயருக்கு மாறியதை ஆன்லைனில் நீங்களே பார்க்கும் வரை முழு மன நிம்மதி வேண்டாம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கடன் முடிந்த வண்டி என்றால் ஃபார்ம் 35 கொடுத்து ஹைப்பாதிகேஷனை (ஆர்சியில் இருக்கும் கடன் பதிவை) நீக்கிவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள். சேசிஸ் போன வண்டியை இன்னொரு டிரைவர் தலையில் கட்டாதீர்கள். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள், அதைக் காட்டினால் புது வண்டியின் பதிவுக் கட்டணம் இல்லை, சாலை வரியில் சலுகையும் உண்டு.

வேலை பார்ப்பது என்று முடிவானால்

இன்ஜினைக் கழற்றும் அன்றும், லேத்திலிருந்து வரும் அன்றும், பிஸ்டன் இறக்கும் அன்றும் பக்கத்தில் இருங்கள். பழைய ரிங், பேரிங், வால்வு எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பொருளின் பெட்டியையும் கேளுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டும் பின் ஆயில் சீலும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அதே கூலியைத் திரும்பக் கொடுப்பீர்கள். ரேடியேட்டரை வெளியே கொடுத்து சுத்தம் செய்யாமல் புது இன்ஜினோடு மாட்டவே கூடாது. தொட்டியைத் தூக்கும் வாய்ப்பு இருந்தால் தூக்கி, சேசிஸைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் முதல் 1,000 கிலோமீட்டருக்குப் பாதி லோடு போதும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஐடிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், புது ரிங் அமர்வதற்கு அது ஆகாது. 500-ல் ஒரு முறையும் 1,000-ல் ஒரு முறையும் ஆயில், ஃபில்டர் மாற்றுங்கள். முதலில் இறக்கும் ஆயிலை வெயிலில் ஒரு வெள்ளைத் துணி மேல் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நுண்ணிய மினுமினுப்பு கொஞ்சம் இருக்கும். நகத்தில் தட்டுப்படும் அளவு துகள் இருந்தால், அந்தத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு அன்றே மெக்கானிக்கிடம் போங்கள்.